ஸ்பிரிங் மாற்றினால் போதுமா? கம்ப்யூட்டருக்கும் சொல்லுங்கள்!

ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் போன்ற கார்களில் வரும் அடாப்டிவ் சஸ்பென்ஷன், சாலைக்கு ஏற்ப ஷாக் அப்ஸார்பரின் இறுக்கத்தைத் தானே மாற்றும். சக்கரங்களின் அருகே உள்ள உயர சென்சார்கள்தான் அதற்குக் கண்கள். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பொருத்தி அப்படியே ஓட்டினால், 'கார் பாரத்தில் அமுங்கியிருக்கிறது' என்று கம்ப்யூட்டர் தப்புக்கணக்கு போடலாம். சொகுசு குறையும், ஆட்டோமேட்டிக் ஹெட்லைட்டின் வெளிச்சமும் இடம் மாறி விழலாம். இரவில் அது ஆபத்து.

வீல் அலைன்மென்ட் முடித்ததும், ஆளும் சுமையும் இல்லாமல் காரைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து, ஸ்கேன் கருவி மூலம் பதிய வேண்டும். கடைசியாக ஹெட்லைட்டைச் சரிபார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் இந்தக் கருவி இருக்கிறதா என்று ஸ்பிரிங் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்!