முடி கொட்டுதா? உப்புத் தண்ணியைத் திட்டாதீங்க!

ராயபுரம், எண்ணூர் பக்கம் யாருக்கு முடி கொட்டினாலும் பழி உப்புத் தண்ணிக்கும் ஹெல்மெட்டுக்கும்தான். உண்மையில், ஆண்களின் வழுக்கைக்குப் பெரும்பாலும் காரணம் பரம்பரையும் டிஹெச்டி ஹார்மோனும். முன்தலை, உச்சியில் உள்ள வேர்க்கால்களை அது சுருக்கிவிடும். பின்னந்தலையை அவ்வளவாகத் தொடாது. அங்கிருந்து எடுத்து முன்னால் நடுவதுதான் ஹேர் டிரான்ஸ்பிளான்ட். இருக்கிற முடிக்கு டிரான்ஸ்ஃபர், அவ்வளவே!

பார்லர் வேலை மாதிரி தெரிந்தாலும் இது ஆபரேஷன். 2016-ல் சென்னையில் இதைச் செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் உயிரிழந்தார். ‘யூடியூப், வொர்க்‌ஷாப் பார்த்துக் கற்றால் போதாது, முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டரே செய்ய வேண்டும்’ என்பது தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொன்ன விதி.

அதனால் ஆஃபர் விலைக்கு முன்னாடி, மயக்க மருந்து தருவது யார், அவசரத்துக்கு ஐசியூ எங்கே என்று கேளுங்க. திடீரென கொத்தாகக் கொட்டினால் தைராய்டு, ரத்தசோகையாகவும் இருக்கலாம். முதலில் காட்ட, பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கு.