நீரிழிவு நோயாளரும் கிராமிய வைத்தியசாலைகளும்

ஆண்டுதோறும் நவம்பர் 14 ஆம் திகதி உலக நீரிழிவு தினம் அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. அதனையொட்டி நடைபவனிகளும் இலவசப் பரிசோதனை முகாம்களும் நாட்டின் பல பாகங்களிலும் இடம்பெறுகின்றன. முகாமுக்கு வருவோரின் விரல் நுனியிலிருந்து ஒரு துளி குருதி எடுக்கப்படுகின்றது. சீனியின் அளவு கூடுதலாகக் காணப்படின், அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். அவ்வாறு அனுப்பப்பட்டவர் உண்மையில் அங்கு சென்றாரா, சென்றிருப்பின் அவருக்கு என்ன கிடைத்தது என்பது பெரும்பாலும் எவராலும் தேடிப் பார்க்கப்படுவதில்லை. நாம் இங்கு கவனத்திற் கொள்ள விரும்புவது இதனையே.

2005 - 2006 காலப்பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரையில் நீரிழிவுக்கு உட்பட்டிருப்பதாகவும், அவர்களுள் மூன்றிலொரு பங்கிற்கும் அதிகமானோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்ததாகவும் தெரிவித்தது. 2018 - 2019 இல் மேற்கொள்ளப்பட்ட மற்றொரு தேசிய ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. இரு ஆய்வுகளின் முறைகளும் முற்றிலும் ஒன்றல்ல என்பதைக் கருத்திற் கொண்டாலும், இத்தனை பெருந்தொகையானோரை நகரங்களிலுள்ள விசேட வைத்திய நிபுணர்களால் மாத்திரம் பராமரிக்க இயலாது என்பது வெளிப்படை. அப்பொறுப்பு பிரதேச வைத்தியசாலைகளையும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளையுமே சார்கின்றது.

எமது கிராமிய சுகாதார சேவை குறைத்து மதிப்பிடத்தக்கதல்ல. பிரசவ மரணங்களைக் குறைத்ததிலும், 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனப்படுத்தப்பட்டதிலும் அதன் பங்கு பெரிது. ஆயினும் அங்குள்ள வெளிநோயாளர் பிரிவு, வந்து தீர்ந்துவிடும் நோய்களுக்காகவே அமைக்கப்பட்டது. காய்ச்சலுடன் வருபவர் மருந்து பெற்றுச் சென்றால் அவருடனான அலுவல் அன்றுடன் முடிகின்றது. நீரிழிவு நோயாளியோ ஆயுள் உள்ளவரை வரவேண்டியவர்.

2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் அமைக்கப்பட்டு, நடுத்தர வயதினருக்குக் குருதியிலுள்ள சீனியும் குருதி அமுக்கமும் இலவசமாகப் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன. வரவேற்கப்பட வேண்டிய முயற்சி இது. எனினும் இவற்றுட் பெரும்பாலானவை வேலை நாட்களின் காலை வேளைகளிலேயே இயங்குவதால், வருவோரில் மிகப் பெரும்பாலானோர் பெண்களாகவே உள்ளனர். கடலுக்கோ வயலுக்கோ செல்லும் ஆண்கள் அவ்வேளையில் வருவதெங்ஙனம்? தோட்டத் தொழிலாளிக்கு ஒரு காலைப் பொழுது என்பது ஒரு நாட் சம்பளமாகும்.

நோய் கண்டறியப்பட்ட பின்னரே உண்மையான சிரமம் தொடங்குகின்றது. வெறுவயிற்றுடன் அதிகாலை பஸ் ஏறி வந்து, இலக்கம் பெற்று, குருதி கொடுத்து, நண்பகல் வரை வாங்கில் காத்திருக்கும் முதியவர்களை எந்தவொரு சிகிச்சை நாளிலும் காணலாம். வைத்தியருக்கு அவர்களுள் ஒவ்வொருவருக்காகவும் கிடைப்பது சில நிமிடங்களே. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்பீஏ1சி பரிசோதனைக்குச் சிறிய வைத்தியசாலைகள் பலவற்றில் வசதியில்லை. தனியார் ஆய்வுகூடத்தை நாடப் பணமில்லாதவர் அன்று காலைப் பெறுபேற்றுடனேயே திருப்தியடைய வேண்டியுள்ளது. முதல் நாள் உணவைக் குறைத்துக்கொண்டு வந்து நல்ல பெறுபேற்றைக் காட்டுவோரும் உளர் என்பதை வைத்தியர்கள் நன்கறிவர்!

மருந்து விநியோகம் மற்றொரு பிரச்சினை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியசாலைகளில் மருந்துகள் தீர்ந்து, வெளியில் வாங்குமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டதை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வேளைகளில் நாட்கூலி பெறுபவர் இரண்டு மாத்திரைகளை ஒன்றாகக் குறைக்கின்றார். உடலில் உடனடியாக எதுவும் தெரியாததால் அதுவே பழக்கமாகியும் விடுகின்றது. பாவனைக்கு எடுக்கும் வரை இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைக்கப்படல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் அதனை வைத்து ஓரளவு வெப்பத்திலிருந்து காக்கலாம். இதனை ஆறுதலாக இருந்து சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

கால்களைப் பரிசோதிப்பதும் அவ்வாறே விடுபட்டுப் போகின்றது. நரம்புகள் உணர்விழந்த காலில் முள்ளோ கல்லோ குத்தினாலும் வலி தெரிவதில்லை. வெறுங்காலுடன் முற்றத்திலும் வயலிலும் கோவில் வீதியின் சுடுமணலிலும் நடப்பது எம்மவர் வழக்கம். உணர்விழப்பை ஒரு நைலோன் இழையினால் சில நிமிடங்களில் கண்டறிய முடியும். அது தவறவிடப்பட்டவர்களுட் சிலர் புண் அழுகிய நிலையில் போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை விடுதிக்கு வந்து சேர்கின்றனர்.

இக்காரணங்களால் இயன்றவர்கள் அருகிலுள்ள வைத்தியசாலையைத் தாண்டி நேரே பெரிய வைத்தியசாலைக்கே செல்கின்றனர். அங்கு நெரிசல் கூடுகின்றது. இங்கு வளங்களைக் கூட்டுவதற்கான நியாயம் குறைகின்றது.

கர்ப்பிணித் தாய் ஒருவர் சிகிச்சை நிலையத்திற்கு வராவிடின், குடும்பநல உத்தியோகத்தர் பதிவேட்டைப் பார்த்து அவரது வீடு தேடிச் செல்கின்றார். நீரிழிவு நோயாளி மூன்று மாதம் வராவிடினும் அதனை எவரும் அறியார். ஏனெனில் அவரது விபரம் பெரும்பாலும் அவர் கையிலுள்ள கிளினிக் கொப்பியிலேயே உள்ளது. ஏற்கனவே வேலைப்பளு மிக்க குடும்பநல உத்தியோகத்தர் மீது இதனையும் சுமத்துவது முறையாகாது. ஆரம்ப நிலை வைத்தியசாலைகளுக்குப் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர்களை நியமிக்கும் நடைமுறை ஆரம்பிக்கப்பட்டுள்ளது. அதனைப் பின்தங்கிய பிரதேசங்களுக்கும் தோட்டப் பகுதிகளுக்கும் விரைந்து விஸ்தரிக்குமாறு சுகாதார அமைச்சையும் மாகாண நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கின்றோம். அவர்களிடம் ஒவ்வொரு நோயாளியின் பெயரும் கொண்ட பதிவேடொன்றும், குறித்த திகதியில் வராதவரை அழைத்து விசாரிக்க ஒரு தொலைபேசியும் இருத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் சிகிச்சை நிலையம் மாலை வேளையில் திறக்கப்படுமாயின், வேலைக்குச் செல்லும் ஆண்களும் அப்பதிவேட்டில் இடம்பெறுவர்.