உள்ளூரில் வாங்குதல்: வடசென்னையை முன்வைத்து ஒரு விளக்கம்

அன்றாடத் தேவைக்கான பொருள்களைத் தம் ஊரில் விளைவிப்பவர், செய்பவர், விற்பவர் ஆகியோரிடமே வாங்க முயலும் பழக்கத்தை 'உள்ளூரில் வாங்குதல்' என்கிறோம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் எது உள்ளூர்ப் பொருள் என்று கேட்டால், விடை சொல்வது அவ்வளவு எளிதன்று. துறைமுகமும் தொழிற்சாலைகளும் மீனவர் குப்பங்களும் அடுத்தடுத்து அமைந்த ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

எது உள்ளூர்?

ஒரு பொருள் உள்ளூர்ப் பொருளா என்று அறிய மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது எங்கே செய்யப்பட்டது? செய்த நிறுவனம் யாருக்கு உரியது? நமக்கு விற்பவர் யார்? இம்மூன்றுக்கும் 'நம் ஊர்' என்ற ஒரே விடை கிடைப்பது அரிது.

தீப்பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருவொற்றியூரை அடுத்து விம்கோ நகர் என்று ஒரு ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் உள்ளன. விம்கோ என்பது 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்பதன் சுருக்கம். சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தின் கிளையாக 1923-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் ஆலைகளுள் ஒன்று இங்கே இயங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான், கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். விம்கோ தீப்பெட்டி இயந்திரத்தில் செய்யப்பட்டது. சிவகாசித் தீப்பெட்டி பெரும்பாலும் கையால் செய்யப்பட்டது.

திருவொற்றியூர்க்காரருக்கு இவற்றுள் எது உள்ளூர்? செய்த இடத்தைப் பார்த்தால் விம்கோ. உடைமையைப் பார்த்தால் சிவகாசி. விம்கோவின் லாபம் கடல் கடந்து போனது உண்மை. அங்கு வேலை செய்தவர்களின் சம்பளம் திருவொற்றியூர்க் கடைத்தெருவில் செலவானதும் உண்மை.

இப்பகுதியின் மற்ற ஆலைகளும் இதே பாடத்தையே சொல்கின்றன. கே. எம். மாமன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய தொழிலே பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. இங்கிலாந்தில் பிறந்த என்ஃபீல்டு புல்லட் வண்டி திருவொற்றியூரில்தான் இந்திய வண்டியாக மாறியது. பிறந்த இடமும் உரிமையாளரும் காலப்போக்கில் மாறக்கூடியவை என்பதை இவை காட்டுகின்றன.

சுதேசிக் கப்பல் காட்டும் வழி

இந்தக் குழப்பம் புதிதன்று. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக வ. உ. சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் ஓட்டிய 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டவை. ஆனாலும் அவற்றை மக்கள் சுதேசிக் கப்பல் என்றே அழைத்தனர். கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பதைவிட, அதன் வருவாய் யாருக்குச் சேர்கிறது என்பதே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது.

பணம் ஊருக்குள் சுற்றும் விதம்

லண்டனில் உள்ள 'புதிய பொருளாதார அறக்கட்டளை' என்னும் அமைப்பு, உள்ளூர்ச் செலவின் பயனை அளக்க ஒரு முறையை வகுத்தது. நாம் கொடுத்த பணம் மூன்று சுற்றுகளில் எவ்வளவு ஊருக்குள் செலவாகிறது என்று கணக்கிடுவதே அம்முறை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையில் 100 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறோம். கடைக்காரர் அதில் 60 ரூபாயை ஊருக்குள்ளேயே கூலி, வாடகை, சரக்கு என்று செலவழிக்கிறார். அதைப் பெற்றவர்களும் அதே விகிதத்தில் 36 ரூபாயை ஊரில் செலவழிக்கின்றனர். மொத்தம் 196 ரூபாய். இன்னொரு கடை 20 ரூபாயை மட்டுமே ஊரில் செலவழிக்கிறது. அடுத்த சுற்றில் அது 4 ரூபாய். மொத்தம் 124. இரண்டு இடத்திலும் நாம் கொடுத்தது 100 ரூபாய்தான்.

காசிமேட்டில் ஒரு கிலோ சங்கரா மீன் வாங்குவதை இக்கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம். அந்தப் பணத்தில் படகில் சென்றவர்களின் பங்கு இருக்கிறது. ஐஸ் உடைப்பவர், வலை பின்னுபவர், விடியுமுன் ஏலம் எடுப்பவர், மீன்பாடி வண்டி மிதிப்பவர், கூடையில் விற்கும் பெண், மீன் அரிந்து கொடுப்பவர் என்று பலரின் பங்கும் இருக்கிறது. மேற்கண்ட மூன்று கேள்விகளுக்கும் 'நம் ஊர்' என்றே விடை தரும் அரிய பொருள் இது.

அதுவும் எல்லா நாளும் அன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்நாள்களில் நாட்டுப் படகுகள் கொண்டுவரும் மீன் குறைவு. வெளியூர் மீனும் சந்தைக்கு வரும். எங்கிருந்து வந்த மீன் என்று கேட்டு வாங்குவது நல்லது.

2017 தந்த இரு பாடங்கள்

2017 சனவரியில் சல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தது. அந்தச் சூட்டில், மார்ச் 1 முதல் பெப்சி, கோக கோலா பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. வறட்சிக் காலத்தில் ஆற்றுநீரை அந்நிறுவனங்கள் எடுப்பதே அவர்கள் கூறிய முதன்மைக் காரணம். 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பவண்டோ போன்ற பானங்கள் பக்கம் பலர் திரும்பினர். நாளடைவில் பல கடைகளில் பழைய புட்டிகள் மீண்டும் வந்துவிட்டன. வாடிக்கையாளர் கேட்பதை விற்காமல் சிறு கடைக்காரர் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியாது. கடைக்காரரின் உறுதி மட்டும் போதாது, வாங்குபவரின் பழக்கமும் மாற வேண்டும் என்பது முதல் பாடம்.

அதே சனவரி 28 அன்று, எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்னும் இரு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் பரவியது. கரையில் ஒதுங்கிய எண்ணெயை மக்கள் வாளிகளில் அள்ளினர். அச்சத்தால் மீன் வாங்குவோர் குறைந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. மீண்டும் அதே நிலை.

வாங்கத் தயங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் உணவு அது. மீனவர்களையும் குறை சொல்ல முடியாது. எண்ணெயைக் கொட்டியவர்கள் அவர்கள் அல்லர். ஆறும் கடலும் கெட்டுப்போனால், உள்ளூரில்தான் வாங்குவேன் என்ற நல்லெண்ணத்தால் மட்டும் உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்ற இயலாது என்பது இரண்டாம் பாடம். எனவே கொசஸ்தலையாறு தூய்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் உள்ளூரில் வாங்குவதன் ஒரு பகுதியே.

எல்லைகள்

எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்க முடியாது. இப்பகுதியில் நெல் வயல் இல்லை. பருப்பும் எண்ணெயும் வெளியிலிருந்தே வருகின்றன. தெருமுனை அண்ணாச்சி கடையில் வாங்கும் சோப்பும் பெரும்பாலும் பன்னாட்டு நிறுவனத்தின் சோப்புதான். ஆயினும் அவர் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு, சம்பள நாள் வரை கடன் தருகிறார். பெருங்கடைகளில் இந்த வசதி கிடைப்பதில்லை. அதே வேளையில், கூலி வேலை செய்யும் குடும்பம் நியாய விலைக் கடையையோ, விலை குறைவான வேறு கடையையோ நாடினால் அது குற்றமாகாது. கையில் உள்ள காசுக்கு ஏற்பவே எவரும் வாங்க முடியும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

ஒரு வாரம் வீட்டில் வாங்கும் பொருள்களை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்த இடம், உரிமையாளர், விற்றவர் என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். விடை தெரியாத கட்டங்கள் பல இருக்கும், கடைக்காரரிடமே கேளுங்கள். வார முடிவில் மூன்று கட்டங்களிலும் 'நம் ஊர்' என்று வந்த பொருள்கள் நான்கைந்து இருந்தாலே பெரிது. கீரை, மீன், இட்லி மாவு, தைத்த சட்டை என்று அவை இருக்கக்கூடும். அடுத்த மாதம் அந்த எண்ணிக்கையை ஒன்று கூட்ட முடியுமா என்று பாருங்கள். உள்ளூரில் வாங்குதலை அப்படித் தொடங்கினால் போதும்.