செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிட்டீங்களா? முதல் வாரத்திலேயே கோளாறை கண்டுபிடிப்பது எப்படி? முழு விவரம்

விலை பேசி முடித்து, கார் வீட்டு வாசலுக்கு வந்தாச்சு. வாங்கும்போது ஓட்டிப் பார்த்தப்ப எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனா மூணாவது நாள் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியுது, பிரேக் போட்டா ஸ்டியரிங் உதறுது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒரே வார்த்தையில் பெரிய செலவு சொல்கிறார். என்ன செய்வது?

திருநாவலூர், உளுந்தூர்பேட்டை சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஒரு பக்கம் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையின் வேகம். இன்னொரு பக்கம் கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன்மலை பாதை. தெருவுக்குள் ஓட்டும்போது தெரியாத கோளாறு இந்த இரண்டு இடத்திலும் ஆபத்தாக மாறிவிடும்.

பழைய காரில் கோளாறை கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. 'என்ன சத்தம் வருது' என்பதோடு 'எப்போ வருது' என்பதையும் கவனிக்கணும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, டிராஃபிக்கில் நிற்கும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, திருப்பும்போதா? இந்தக் கேள்விக்கு பதில் தெரிந்தால் பாதி கோளாறு பிடிபட்டுவிடும்.

எச்சரிக்கை விளக்கு: எரிந்தால் மட்டுமா பிரச்சனை?

சாவியை 'ஆன்' நிலைக்கு திருப்புங்க, எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் எஞ்சின், ஆயில், பேட்டரி, ஏ.பி.எஸ்., ஏர்பேக் என எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் சில விநாடிகளில் அணையும், மற்றவை எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையும். உங்கள் காரில் அந்த வசதி இருந்தும் விளக்கு எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்க. கோளாறை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம்.

விற்பதற்கு முன் ஸ்கேனர் மூலம் பிழைக் குறியீட்டை அழித்துவிடுவதும் உண்டு. பல வண்டிகளில் பேட்டரி ஒயரை கழற்றி மாட்டினாலே அது அழிந்துவிடும். விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும். சில நாள் ஓடிய பிறகு கம்ப்யூட்டர் மறுபடி கண்டுபிடித்து விளக்கைப் போடும். வாங்கும்போது வராத விளக்கு மூணாவது நாள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஸ்கேனர் வசதி உள்ள மெக்கானிக்கிடம் போங்க. ஸ்டியரிங்குக்கு கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். பிழைக் குறியீடு இருக்கா என்பதோடு, சுய பரிசோதனைகள் முடிந்திருக்கா என்றும் பார்க்கச் சொல்லுங்க. பல பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ நினைவகத்தை அழித்திருக்கலாம் என்று அர்த்தம்.

சைலன்சர் புகை சொல்லும் சேதி

ராத்திரி முழுக்க நின்ற வண்டியை காலையில் ஸ்டார்ட் செய்து, பின்னால் நின்று பாருங்க.

நீல நிறப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்மானம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ கோளாறாக இருக்கலாம். இது பெரிய செலவு.

கருப்புப் புகை: எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. முதலில் ஏர் ஃபில்டரை பாருங்க. டீசல் காரில் இன்ஜெக்டர், இ.ஜி.ஆர். வால்வையும் சோதிக்க வேண்டும்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் லேசாக வந்து மறைந்தால் வெறும் நீராவி, பயம் வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு தொடர்ந்து வந்தால், கூலன்ட் எஞ்சினுக்குள் எரிகிறது என்று பொருள். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கூடவே வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் சந்தேகம் உறுதியாகும்.

எஞ்சின் சூடு: டோல்கேட்டிலா, ஹைவேயிலா?

உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது வெப்ப முள் ஏறி, வண்டி வேகம் எடுத்ததும் இறங்கினால், ரேடியேட்டர் ஃபேன் சரியாக ஓடவில்லை என்று சந்தேகிக்கலாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை குளிர வைத்துவிடும், நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையை செய்ய வேண்டும். ஏ.சி.யை போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓடும். ஓடுதா என்று பானட்டை திறந்து பாருங்க.

நெடுஞ்சாலையில் 80, 90 கி.மீ. வேகத்தில் போகும்போது சூடு ஏறினால் கதை வேறு. கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். கூலன்டுக்கு பதிலாக போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். கூலன்ட் தொட்டியில் இருப்பது துரு நிறத்தில் இருந்தால் அதுதான் அடையாளம்.

முக்கியம்: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீங்க. கொதிக்கும் நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

வண்டிக்கு கீழே ஒழுகுதா?

ராத்திரி காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்க. காலையில் கறையின் நிறத்தை பாருங்க.

நிறமில்லாத தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், கவலை இல்லை. பச்சை அல்லது ரோஸ் நிறம் என்றால் கூலன்ட். பழுப்பு, கருப்பு என்றால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். சக்கரத்துக்கு பக்கத்தில் வழவழப்பான, லேசான மஞ்சள் கறை என்றால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கே வரவையுங்க.

செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி வாங்கும் முன் இதை பாருங்க

செல்ஃப் எடுக்கலைன்னா உடனே புது பேட்டரி வாங்குவது பலர் வழக்கம். அதற்கு முன் ஒரு மல்டிமீட்டரில் அளந்து பாருங்க. சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரியில் சார்ஜ் முழுமையாக இருக்கு. 12.2-க்கு கீழே என்றால் பாதி சார்ஜ்கூட இல்லை. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை சந்தேகப்படணும். அதை விட்டுட்டு புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

ரெண்டு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்குதா? பழைய ஓனர் வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், அலாரம், கூடுதல் லைட் இவற்றின் ஒயரிங்கை பார்க்கச் சொல்லுங்க. எல்லாம் அணைந்து, வண்டி பூட்டிய சிறிது நேரத்துக்குப் பிறகு மின்கசிவு சுமார் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

சத்தமும் உதறலும்

* ஸ்டியரிங்கை முழுசா ஒடித்து திருப்பும்போது 'டிக் டிக்' சத்தம்: டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட்.
* வேகத்தடையில் 'டக் டக்': லிங்க் ராடு, புஷ் தேய்மானம்.
* வேகம் கூடக் கூட வளரும் ரீங்காரம்: வீல் பேரிங். சில சமயம் தேய்ந்த டயர்.
* 80 கி.மீ.க்கு மேல் ஸ்டியரிங் உதறல்: வீல் பேலன்சிங்.
* பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறல்: பிரேக் டிஸ்க்.
* ஒரு பக்கமா இழுப்பது: முதலில் காற்றழுத்தம், பிறகு அலைன்மென்ட். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.
* ஆக்சிலரேட்டர் கொடுத்தா சத்தம் ஏறுது, வேகம் ஏறல: கிளட்ச் தேய்ந்துவிட்டது. மலைப் பாதையில் இது நடுவழியில் நிறுத்திவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு குறைந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். 2024 நவம்பர் 30-ம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் தத்தளித்தன. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது. இப்படி மூழ்கிய கார்களை கழுவி, பாலிஷ் போட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா ஒயரிங் கனெக்டருக்குள் துரு மெதுவாக வளரும். ஒரு நாள் பவர் விண்டோ, மறுநாள் சென்சார் என்று கோளாறு மாறி மாறி வரும். ஏர்பேக் தேவையான நேரத்தில் விரியாமலும் போகலாம்.

கண்டுபிடிக்க, சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்க, உள்ளே சேற்றுக் கறை படிந்திருக்கா? தரை விரிப்பை தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட் தண்டவாளம், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஸ்குரூக்கள் எல்லாவற்றிலும் துரு, சேறு இருக்கா பாருங்க. ஏ.சி. போட்டதும் ஈர வாடை வந்தாலும் உஷார்.

காகிதத்திலும் தடயம் கிடைக்கும். பழைய ஓனரின் இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்க. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஐந்தாறு வருஷ வண்டியில் பூஜ்ஜியம் என்றால் ஏன் என்று கேளுங்க. பாலிசி இடையில் விட்டுப்போயிருக்கலாம், பெரிய கிளெய்மும் நடந்திருக்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் விவரத்தையும் கேட்டுப் பாருங்க.

பேப்பர் கோளாறையும் விடாதீங்க

படிவம் 29, 30 கொடுத்து பெயர் மாற்ற வேண்டும். வாங்கியவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு தரும் அவகாசம் 30 நாள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விபத்து வழக்கில் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும்.

எதற்கு முதலில் செலவு செய்வது?

கையில் இருக்கும் பணத்தை சீட் கவர், மியூசிக் சிஸ்டத்தில் போடுவதற்கு முன் இந்த வரிசையை பின்பற்றுங்க. முதலில் பிரேக், டயர், ஸ்டியரிங். இவை உயிர் சம்பந்தப்பட்டவை. அடுத்து கூலன்ட், எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்து, எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு இல்லை என்றால் அதையும் மாற்றிவிடுங்க. அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். அதன் பிறகு பேட்டரி, கிளட்ச், சத்தங்கள். ஏ.சி. குளிர்ச்சி, பெயிண்ட் எல்லாம் கடைசி.

இந்தப் பரிசோதனைகள் முடியும் வரை குடும்பத்தோடு நீண்ட பயணமோ, மலைப் பாதையோ வேண்டாம். மெக்கானிக்கிடம் போகும்போது 'வண்டி சரியில்லை' என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எப்போது, எந்தப் பக்கத்தில் இருந்து சத்தம் வருது என்று எழுதி எடுத்துட்டு போங்க. தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு அதிலேயே பெருமளவு குறையும்.