உங்களுக்குத் தெரியுமா? பெட்டிக்குள் கிடந்த தெருக்கள்

● சிக்காகோவில் ஆயாவாக வேலை பார்த்த விவியன் மேயர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டு, அவற்றில் பெரும்பாலானவற்றை எவருக்கும் காட்டாமலே கண்ணை மூடினார். 1926இல் நியூயோர்க்கில் பிறந்தவர். மற்றவர் வீட்டுப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போகும்போதே தெருவைப் படம் பிடித்தார். பூட்டி வைத்த சாமான் அறைக்கு வாடகை கட்ட முடியாமல் போக, 2007இல் எல்லாம் ஏலத்துக்கு வந்தது. ஜோன் மலூஃப் என்ற இளைஞர் ஏறக்குறைய 400 டொலருக்கு ஒரு பெட்டி நெகட்டிவ்களை வாங்கினார். பெட்டியில் கிடந்த பெயரை 2009 ஏப்பிரலில் இணையத்தில் தேடியபோது அவருக்குக் கிடைத்தது மரண அறிவித்தல். விவியன் இறந்து சில நாட்களே ஆகியிருந்தன.

● அவர் கையில் இருந்தது ரோலிஃபிளெக்ஸ். வயிற்றுக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கும் கமரா. முகத்துக்கு முன்னால் எதுவும் நீட்டப்படாததால் எதிரே நிற்பவர் பெரும்பாலும் உசாராவதில்லை. ஒரு றோலில் 12 படம்தான். எங்கள் ஸ்ரூடியோக்காரர் பலர் வைத்திருந்த யாஷிக்காப் பெட்டியும் இதே இனம். விவியன் கழுவாமலே விட்டுப்போன றோல்கள் மட்டும் நூற்றுக்கணக்கில்! எடுத்த படத்தைத் தானே பார்க்காத அந்த மனுஷியை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

● லெனின்கிராட்டின் மாஷா இவாஷின்சோவா 2000இல் இறந்தார். அவர் எடுத்த ஏறத்தாழ 30,000 படங்களை 2017இல் வீட்டுப் பரணில் கண்டெடுத்தவர் அவருடைய சொந்த மகள்.

● கொல்கத்தாவின் தெருக்கள் ஸ்கொட்லாந்தில், ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தன. 178 கண்ணாடி நெகட்டிவ்கள், 1914ஆம் ஆண்டுப் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி, எடின்பரோ ஆவணக் காப்பகம் ஒன்றில் அகப்பட்டன. எடுத்தவர் யாரென்று அப்போது எவருக்கும் தெரியவில்லை.

● இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. படப்பிடிப்பாளரும் பியானோ கலைஞரும் ‘43 குழு’ என்ற ஓவியர் குழுவின் முன்னோடியுமான லயனல் வென்ட் 1944இல் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. தாளில் அச்சிட்ட படங்கள் தப்பியதால்தான் 1950இல் அவருடைய படநூல் வெளிவர முடிந்தது. அவருக்கோ நண்பர்களும் புகழும் இருந்தன. பெயர் தெரியாத ஊர்ப் படப்பிடிப்பாளரின் பெட்டிக்கு யார் பொறுப்பு?

● தீவுகளுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையை எண்ணிப் பாருங்கள். ஆனித் திருவிழாவுக்கு அர்ச்சனைத் தட்டோடு நயினாதீவுக்கு ஏறும் அம்மாமார், நாகவிகாரைக்கு வெள்ளை உடுப்பில் போகும் சிங்கள யாத்திரிகர், நெடுந்தீவுப் படகில் அரிசிமூட்டை அடுக்கும் பொடியள். நாற்பது, ஐம்பது வருசத்துக்கு முந்தின இப்படியொரு காலைப்பொழுதை யாராவது பிடித்து வைத்திருந்தால் அது எவ்வளவு பெரிய சொத்து! இடப்பெயர்வில் காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நெகட்டிவ் பெட்டியை எப்படித் தூக்குவார்கள்? ஆனாலும் வெளிநாட்டில் ஒரு மருமகளின் அலுமாரியிலோ, ஊரில் மூடிய ஸ்ரூடியோ ஒன்றின் மேல்தட்டிலோ ஏதாவது மிஞ்சியிருக்கும் என்றே நம்புகிறேன். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம ஆவணகம் ஈழத்துத் தமிழரின் நூல்களோடு படங்களையும் பாதுகாக்கிறது. வீசுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

● பழைய பிலிமைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால் அது கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சூடும் ஈரக்காற்றும் அசிட்டேட் பிலிமை உடைக்க, அதிலிருந்து அமிலம் கசியும். பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் அது கெடுத்துவிடும். மணம் வருவதைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றதைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் கடதாசி உறையில் போடுங்கள். படத்தில் நிற்பவர் யாரென்று அம்மம்மாவிடம் கேட்டு, நெகட்டிவை உள்ளே வைப்பதற்கு முன்னரே உறையில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.