பாம்பை அடிக்காதே என்கிறோம், மருந்து எங்கே?



நம் பயிற்சிக் கூட்டங்களில் பாம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, "பாம்பு உழவனுக்கு நண்பன், அடிக்காதீங்க" என்பதுதான். சரியான பேச்சு. எலிக்கு மருந்து வைக்காத நம் வயலில் எலியைத் தின்ன ஆள் வேண்டும். மூடாக்குப் போட்ட இடத்தில் தவளை இருக்கும், வரப்பில் எலி வளை இருக்கும், இரண்டையும் தேடிப் பாம்பு வரும். வரட்டும். ஆனால் அந்த வயலில் வெறுங்காலோடு இறங்கிக் களை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வரும் பெண்கள். அவர்களுக்குக் கடி பட்டால் எங்கே கொண்டு போவது? இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் "அடிக்காதே" என்று மட்டும் சொல்வது பாதிப் பேச்சு. மீதிப் பாதிக்காக எங்கள் கடைமடை ஊரில் என்ன செய்தோம் என்பதை எழுதுகிறேன்.

நகைக்கடன் மேசையில் தெரிந்த நோய்

நான் வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கிராமக் கிளைகளில் விவசாய நகைக்கடன் மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: படிவத்தில் "பயிர்ச் செலவு" என்று எழுதியிருக்கும், முகத்தைப் பார்த்து "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டால் ஆஸ்பத்திரிக் கதை வரும். உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் போகிற பணத்தை நாம் நிறுத்திக்கொண்டோம். ஒரு கடி, ஒரு காய்ச்சல் வந்தால் அப்படி மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும். அதனால் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒழுங்காக நடப்பதும் நம் விவசாயக் கணக்கில் சேர்ந்ததுதான்.

பாம்புக்கடி உழவர்களின் நோய். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முதன்மை இடத்தில் சேர்த்தது.

நூறு பக்க நோட்டு

நாலு வருஷத்துக்கு முன் ஒரு சம்பா அறுவடையில், கட்டுத் தூக்கக் குனிந்த பெண் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. சுகாதார நிலையம் நாலு கிலோமீட்டர்தான். அங்கே, "இங்க பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதறிப்போன வீட்டார் கார் பிடித்துத் தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்து உயிர் பிழைத்தார். இரண்டு ஆடும் தாலிக்குண்டும் போயின.

ஊரே கொதித்தது. "மருந்து வாங்கி வைக்கிறதே இல்ல, பூட்டுப் போட்டு மறியல் பண்ணலாம்" என்றார்கள் இளைஞர்கள். மகளிர் குழுவினரும் நாங்கள் சில உழவர்களும் உட்கார்ந்து பேசி, முதலில் கணக்கு எழுதுவோம் என்று முடிவு செய்தோம். ஒரு நூறு பக்க நோட்டு. யாருக்கு, என்றைக்கு, எத்தனை மணிக்குக் கடி பட்டது, முதலில் எங்கே போனார்கள், அங்கே என்ன சொன்னார்கள், எவ்வளவு செலவானது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் வைத்துப் பெண்களே எழுதினார்கள். ஒரு வருஷம் எழுதிய பிறகு பார்த்தால், பெரும்பாலான கடி இருட்டிய பிறகு. பாதிப் பேர் சுகாதார நிலையத்துப் பக்கமே போகவில்லை. "போனாலும் அனுப்பிடுவாங்க" என்பதுதான் காரணம்.

அடுத்து, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. நஞ்சுமுறி மருந்து எத்தனை குப்பி வந்தது, எத்தனை செலவானது, எத்தனை காலாவதியானது?

சுகாதார நிலையத்துக்கும் பாஸ்புக் உண்டு

இங்கே ஒரு விவரம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு தொகைக்கு மருந்து என்று ஒதுக்கி, எடுப்பதை வரவு வைக்கப் பாஸ்புக் முறையைக் கொண்டுவந்தது. சேமிப்புக் கணக்கு மாதிரிதான். கணக்கில் இருப்பு இருக்கும். எடுக்க ஆள் வேண்டும்.

எங்கள் மனுவுக்கு வந்த பதிலும் அதையே சொன்னது. வருஷம் பூராவும் மருந்து இருப்பில் இருந்திருக்கிறது. செலவானது மிகக் கொஞ்சம். சில குப்பிகள் திறக்காமலே காலாவதி.

அப்படியானால் ஏன் திருப்பி அனுப்பினார்கள்? மகளிர் குழுவோடு போய்ப் பொறுமையாகக் கேட்டோம். இளம் டாக்டரம்மா மனம் விட்டுச் சொன்னார்: "ஐயா, இது குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கிற மருந்து. சிலருக்கு ஒத்துக்காம மூச்சுத் திணறும். அதுக்கு ஊசி கைவசம் இருக்கு. ஆனா ராத்திரியில ஒரே ஒரு நர்ஸ். ஏதாவது ஆச்சுன்னா ஊரே திரண்டு வந்து கண்ணாடிய உடைக்கும். அப்ப எங்க பக்கம் யாரு நிப்பா?"

மறியல் செய்திருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது. குறை மருந்தில் இல்லை; பயிற்சியிலும் பயத்திலும் இருந்தது. பயத்தில் பாதி நம்மால் வந்தது, அதை நாம்தான் போக்க வேண்டும்.

கிராம சபையில் மூன்று தீர்மானம்

அக்டோபர் 2 கிராம சபைக்கு நோட்டோடு போனோம். "ரோடு, லைட்டு பேசுங்க, ஆஸ்பத்திரி கவர்மெண்ட் விஷயம்" என்றார் ஒருவர். அப்போது அந்தக் கடிபட்ட பெண் எழுந்தார். "நான் பொழச்சு வந்ததால நிக்கிறேன். செத்திருந்தா யாரு வந்து கேப்பா?" என்றார். அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

தீர்மானங்கள் மூன்று. ஒன்று, டாக்டருக்கும் செவிலியர்களுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பாம்புக்கடிச் சிகிச்சைப் பயிற்சி. இரண்டு, நஞ்சுமுறி மருந்தின் இருப்பை வாசல் பலகையில் எழுதிப் போடுவது. முதல் தவணைக்கே ஒருவருக்கு 8 முதல் 10 குப்பி வேண்டும். இரண்டு குப்பி இருந்தால் இல்லாததற்குச் சமம். மூன்றாவது எங்கள் பங்கு: கடிபட்டவரோடு இரண்டு பேருக்கு மேல் உள்ளே போவதில்லை, இரவில் கூப்பிட்டால் துணைக்கு வர ஊர் ஆட்கள் பெயரும் போன் நம்பரும் நர்சம்மாவிடம் இருக்கும்.

தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு காற்றோடு போகும். தீர்மான எண்ணோடு நகல் வாங்கி, வட்டார மருத்துவ அலுவலருக்கும், திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியருக்கும் கொடுத்தோம். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மாசாமாசம் கேட்டோம். எட்டு மாசம் ஆனது.

இப்போது பலகை இருக்கிறது. பயிற்சி முடித்தவர்கள் கடிபட்டவரின் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் வைத்துப் பார்க்கிறார்கள். உறையவில்லை என்றால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது. பெரிய லேப் தேவையில்லை. போன ஐப்பசியில் மோட்டார் போடப் போன இளைஞர் ஒருவருக்கு இங்கேயே மருந்தை ஆரம்பித்து, 108இல் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நடந்தே வீட்டுக்கு வந்தார். எந்த நகையும் அடகுக்குப் போகவில்லை.

எல்லாம் முடிந்துவிடவில்லை. இரவில் டாக்டர் இன்னும் கிடையாது. அந்த மனு நடந்துகொண்டிருக்கிறது.

நமக்குள் ஒரு வார்த்தை

என் கொல்லையிலும் சிறியாநங்கை இருக்கிறது. நாட்டு மருத்துவத்தை மதிக்கிறவன் நான். ஆனால் பாம்பு நஞ்சுக்குப் பச்சிலையை நம்பி நேரம் போக்கக் கூடாது. நஞ்சை முறிப்பது அந்த ஊசி மருந்துதான். அதற்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பதில் நம் இருளர் மக்களுக்குப் பெரும் பங்குண்டு; 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. ஆக, அதுவும் நம் மண்ணின் அறிவில் விளைந்த மருந்துதான்.

கடிபட்ட இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கை காலை அசைக்காமல் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலிகூடத் தெரியாது; விடிகாலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, கண் இமை சொக்குதல் வந்தால் சந்தேகப்படுங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது. அரசு, தனியார் எல்லா மருத்துவமனையும் கணக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர்க் கணக்கு அதில் ஏறுகிறதா என்று பார்க்க உங்களிடமும் ஒரு நோட்டு வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்தது வருவதற்குள் ஒருநாள் உங்கள் சுகாதார நிலையத்துக்குப் போய், நஞ்சுமுறி மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, இரவில் அதைப் போட யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். கேட்கும்போது நர்சம்மாவுக்கு என்ன உதவி வேண்டும் என்பதையும் கேளுங்கள்.