எக்ஸ்டென்ஷனை நம்பும் முன் சேர்த்துச் சோதியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் முதலில் கேட்பது, "இதில் தமிழில் டைப் செய்ய முடியுமா?" என்பதுதான். முடியும். பிரவுசரில் அதற்கான ஒரு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் போதும். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குப் புதிய வேலை ஒன்றைக் கற்றுத் தரும் சிறிய புரோகிராம். தமிழில் இதை நீட்சி என்பார்கள்.

ஆனால் நீட்சி தனியாக வேலை செய்வதில்லை. பிரவுசர், நீங்கள் திறக்கும் பக்கம், ஏற்கனவே சேமித்த தகவல்கள் ஆகியவற்றுடன் சேர்ந்தே இயங்குகிறது. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் இன்டக்ரேஷன் டெஸ்ட் என்று பெயர்.

நான் திருவொற்றியூர்க்காரன். பக்கத்து எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை இருக்கிறது. என்ஜின் தனியே நன்றாக ஓடலாம். கியர்பாக்ஸும் தனியே சரியாக இருக்கலாம். இரண்டையும் பொருத்தி ஓட்டிப் பார்க்காத லாரியை யாராவது வாங்குவார்களா? புரோகிராமும் அப்படித்தான்.

கொண்டித்தோப்பு எங்கே?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அக்காவுக்காக, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் நீட்சி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். 200 சொற்களைச் சோதித்தேன். அத்தனையும் சரி.

மறுநாள் அக்காவிடமிருந்து போன். "தம்பி, கொண்டித்தோப்புன்னு தேடினா ஒரு பேரும் வரலைடா. பென்ஷன் விண்ணப்ப நம்பர் கேட்டு ஒரு பெரியவர் வந்து நிக்கிறார். இன்னிக்குத்தான் கடைசி நாளாம்!"

பெயர் பதிவேட்டில் இருந்தது. தேடலில்தான் சிக்கவில்லை. காரணம் இதுதான். யூனிகோடில் "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகச் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய பதிவேட்டில் இருந்தது முதல் வகை. என் நீட்சி எழுதியது இரண்டாம் வகை. தேடும் புரோகிராம் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் ஒப்பிடும்.

என் சோதனையில் இது ஏன் தெரியவில்லை? சரியான விடை என்று நான் வைத்திருந்த சொற்களையும் அதே நீட்சியில்தான் டைப் செய்திருந்தேன்! ஜாவாஸ்கிரிப்டில் உள்ள "நார்மலைஸ்" கட்டளையை ஒரு வரி சேர்த்ததும் கோளாறு தீர்ந்தது. அக்கா அதற்குள் பக்கம் பக்கமாகப் புரட்டி, பெரியவரின் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டாள்.

நீங்களே சோதிக்கலாம்

1. பயர்பாக்ஸ் முகவரிப் பெட்டியில் ஆங்கிலத்தில் "அபவுட்" என்று டைப் செய்து, ஒரு கோலன் இட்டு, இடைவெளி விடாமல் "புரொபைல்ஸ்" என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். புதிய புரொபைல் ஒன்றை உருவாக்கித் திறங்கள். உங்கள் பழைய புக்மார்க்குகள் பாதிக்கப்படாது.

2. அதில் சோதிக்க வேண்டிய நீட்சியை மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

3. "கொண்டித்தோப்பு" என்று டைப் செய்து, காப்பி செய்து, எக்செல் கட்டம் ஒன்றில் ஒட்டுங்கள். எழுத்துகளை எண்ணும் "லென்" பார்முலாவைப் பக்கத்துக் கட்டத்தில் கொடுங்கள். 14 வந்தால் சரி. 16 வந்தால் குறிகள் உடைந்து சேமிக்கப்படுகின்றன.

4. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பக்கங்களில் டைப் செய்யுங்கள், சேமியுங்கள், மூடித் திறந்து தேடுங்கள்.

5. மற்ற நீட்சிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து இதையே திரும்பச் செய்யுங்கள். எதைச் சேர்த்ததும் கோளாறு வருகிறதோ, அங்கேதான் மோதல்.

முடிந்ததும் பழைய புரொபைலையே டிபால்ட்டாக மாற்றிவிடுங்கள்.

புரோகிராமர்கள் இதையே தானியங்கியாகச் செய்கிறார்கள். மொஸில்லாவின் "வெப்-எக்ஸ்ட்" கருவி, நீட்சியைப் புதிய புரொபைலில் ஏற்றித் தரும். 2004-ல் உருவான செலினியம், மனிதர்போலவே பிரவுசரில் கிளிக் செய்து, டைப் செய்து விடையைச் சரிபார்க்கும்.

ஒருமுறை சோதித்தால் போதாது. 2017 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57, பழைய முறையில் எழுதிய நீட்சிகளை ஒரேயடியாகக் கைவிட்டது. நீட்சியில் ஒரு எழுத்துகூட மாறாமலே அது நின்றுபோகலாம். எனவே பிரவுசர் அப்டேட் ஆகும்போதெல்லாம் ஒருமுறை கொண்டித்தோப்பைத் தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்!